வாக்கர் என்ன ஆக்கள்?

மகள் தொலைபேசியில் அந்தச் செய்தியைச் சொன்னபோது நான் சட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். என் சட்டையல்ல, நான் வேலை செய்யும் வீட்டு அம்மா, சின்யோராவின் மகனுடையது. லினன் துணி. கொஞ்சம் கவனம் பிசகினாலும் மஞ்சள் பிடித்துவிடும்.

"அப்பா, நான் ஒருத்தரை விரும்புறன். வெள்ளைக்காரர்" என்றாள்.

அவள் இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் பிறந்து வளர்ந்தவள். நர்ஸ் படிப்பை முடித்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய் லீட்ஸில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். நான் அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"படிச்சவரோ?"

"ஓம். எங்கடை ஆஸ்பத்திரியிலைதான் எக்ஸ்ரே எடுக்கிறார்."

"தாய் தேப்பன்?"

"இருக்கினம்."

மூன்றாவது கேள்வி தொண்டைக்குள் வந்து நின்றது. அது அவளுக்கும் தெரியும். "அந்த மூண்டாவது கேள்வியை மட்டும் கேக்காதேங்கோ அப்பா" என்றாள்.

"நான் ஒண்டும் கேக்கேல்லையே" என்றேன். கேட்கவில்லைதான். ஆனால் அது எனக்குள் அசையாமல் குந்திக்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்தில் மரியாதையான வீடுகளில் சாதி என்ற சொல்லை உச்சரிக்க மாட்டார்கள். "என்ன ஆக்கள்?" என்று மட்டும் கேட்பார்கள். எதிரில் இருப்பவர் ஊரைச் சொல்வார், கோயிலைச் சொல்வார், கேட்டவருக்கு விளங்கிவிடும். லீட்ஸ்காரரிடம் எந்தக் கோயிலைக் கேட்பது? அவருடைய குடும்பப் பெயர் வாக்கர் என்று மகள் சொன்னாள். அது எனக்கு ஒன்றையும் சொல்லவில்லை.

"மார்ச்சிலை அவரையும் கூட்டிக்கொண்டு வாறன். அதுக்கிடையிலை ஓமோ இல்லையோ எண்டு சொல்லுங்கோ. நீங்கள் இல்லை எண்டாலும் நான் செய்வன் அப்பா. ஆனால் நீங்கள் ஓம் எண்டாத்தான் சந்தோஷமாச் செய்வன்."

என் மனைவி ஐந்து நிமிடத்தில் ஓம் சொல்லிவிட்டாள். ஆறாவது நிமிடம் சேலைக் கதை தொடங்கிவிட்டது. நான்தான் ரொறன்ரோவில் இருக்கும் அண்ணையைக் கேட்க வேண்டும் என்றேன். அப்பா இறந்த பிறகு எங்கள் குடும்பத்தில் அண்ணை தலையாட்டாமல் ஒன்றும் நடந்ததில்லை. என்னை ஊரிலிருந்து வெளியே அனுப்பி வைத்தவரும் அவர்தான். அவர் மேல் எனக்குப் பயம் கொஞ்சம், பாசம் நிறைய.

குடும்பப் பெயர் என்ற விஷயத்தில் எனக்கு ஏற்கெனவே ஓர் அனுபவம் உண்டு. இருபத்தாறு வருடத்துக்கு முன் இங்கே விசா எடுக்கப் போனபோது, பொலிஸ் கந்தோரில் இருந்தவர் என் "கொன்யோமே" என்ன என்று கேட்டார். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை. தகப்பன் பெயர், பிள்ளை பெயர், அவ்வளவுதான். அவர் கடவுச்சீட்டில் முதலில் இருந்த என் அப்பாவின் பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிட்டார். அன்றிலிருந்து பலெர்மோ முழுவதும் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறது. என் அப்பா தன் வேட்டியைத் தானே தோய்த்து அறியாதவர். சின்யோரா அவருடைய பெயரை உரக்கச் சொல்லி "காலரில் அழுக்குப் போகவில்லை!" என்று கத்தும்போது, அவர் பின்னால் வந்து நிற்கிறாரோ என்று ஆரம்பத்தில் திரும்பிப் பார்த்திருக்கிறேன். மகளுக்கும் அதே பெயர்தான் கொன்யோமே ஆனது. ஒரு தலைமுறையோடு போக வேண்டிய பெயர் எங்கள் வீட்டில் இப்படித்தான் தங்கிவிட்டது.

அண்ணையிடம் வாக்கர் என்ற பெயரைச் சொன்னேன். யோசிக்க அவர் நாலு நாள் எடுத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் வாட்ஸப்பில் குரல் வந்தது.

"தம்பி, வாக்கர் எண்டால் நடக்கிறவன் எண்டு நினைச்சிருப்பாய். இல்லை. நான் எல்லாம் தேடிப் பார்த்திட்டன். அந்தக் காலத்திலை இங்கிலாந்திலை தறியாலை இறக்கின கம்பளித் துணியைத் தொட்டிக்குள்ளை போட்டு, காலாலை மிதிச்சுத் தோய்க்கிற ஆக்கள். என்னத்துக்குள்ளை மிதிச்சவை தெரியுமோ? பழைய மூத்திரத்துக்குள்ளை! உலகத்திலை எத்தினை வெள்ளைக்காரன் இருக்கிறான். உன்ரை பிள்ளைக்கு உடுப்புத் தோய்க்கிற ஆக்களோ ஆம்பிட்டது?"

மூன்று தரம் கேட்டேன். முதல் தரம் சிரிப்பு வந்தது. இரண்டாம் தரம் வரவில்லை. வெள்ளைக்காரருக்கும் சாதி கண்டுபிடித்துவிட்ட எங்கள் கெட்டித்தனத்தை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் மூன்றாம் தரம் கேட்டபோது எனக்குள்ளும் ஏதோ ஒன்று "ஓம், அண்ணை சொல்வது சரிதானே" என்றது. அந்தக் குரலை நான் மறைக்கப் போவதில்லை. அது என் குரல்தான்.

பிறகு நானும் தேடினேன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதே வேலை. புதிதாக நெய்த கம்பளித் துணி எண்ணெய்ப் பிசுக்கோடு நெகிழ்ந்து கிடக்கும். அதைத் தண்ணீரில் ஊறவைத்து மணிக்கணக்காக மிதித்தால்தான் அழுக்குப் போய் இழை இறுகித் துணி துணியாகும். பிற்காலத்தில் ஆற்றுத் தண்ணீரில் ஓடும் மரச் சம்மட்டிகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. கால்களுக்கு ஓய்வு கிடைத்தது, பெயர் மட்டும் நின்றது. இதில் விசேஷம், ஒரே வேலைக்கு மூன்று பெயர். தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர், வடக்கிலும் ஸ்கொட்லாந்திலும் வாக்கர். இன்றைக்கும் இங்கிலாந்து வரைபடத்தில் அந்தப் பெயர்க்காரர் எங்கே அதிகம் என்று நிறம் தீட்டிக் காட்டுகிறார்கள். வாக்கருக்கு வடக்குப் பக்கம்தான் கருமையாக இருக்கிறது. யோர்க்ஷயர் அதற்குள்தான். மகள் வேலை செய்யும் லீட்ஸும் அங்கேதான். அங்கிருந்து கப்பலேறி அமெரிக்கா, அவுஸ்திரேலியா, கனடா என்று பெயர் பரவியிருக்கிறது.

கனடா என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அண்ணை பத்து வருடமாகப் புகழ்ந்துகொண்டிருக்கிற பல் டொக்டருக்கும் இதே குடும்பப் பெயர். கைராசிக்காரன் என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கே பல் கூசிவிடும். உடனே அவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணை, உங்கடை வாய்க்குள்ளை கை வைக்கிறவரும் வாக்கர்தானே?"

"பல்லுக்கு ஆரும் கை வைக்கலாம்" என்றார். "பிள்ளையைக் குடுக்கிறது வேறை."

நானும் விடாமல் ஒரு வக்கீல் கதை கதைத்தேன். இது அழுக்குத் துணி தோய்க்கிற வேலை இல்லை அண்ணை, புதுத் துணியைப் பதப்படுத்துகிற வேலை, நெசவோடு சேர்ந்தது என்றேன். "காலாலை மிதிச்சவையோ இல்லையோ? அதைச் சொல்லு" என்றார் அவர். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. மாப்பிள்ளையைக் காப்பாற்ற நான் தூக்கிய ஆயுதமும் அண்ணையுடையதுதான். தோய்க்கிறவன் கீழே, பதப்படுத்துகிறவன் கொஞ்சம் மேலே என்று நானும் படி வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தொட்டிக் கதை என்னை வதைத்ததற்கு வேறு காரணமும் உண்டு. அதை அண்ணைக்கு நான் சொன்னதேயில்லை.

அண்ணையைப் பொறுத்தவரை நான் பலெர்மோவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். வந்த புதிதில் சொன்ன பொய். பிறகு திருத்துவதற்கு நல்ல நாள் ஒன்றும் வரவில்லை. உண்மையில் நான் அன்றிலிருந்து இன்றுவரை வீடுகளில் தோய்க்கிறேன், துடைக்கிறேன், அயன் பண்ணுகிறேன். சின்யோராவின் வீட்டில் மூன்று கம்பளங்களும் கனத்த கம்பளிப் போர்வைகளும் இருந்தன. வெய்யில் காலம் வந்ததும் அவற்றைச் சுருட்டி எடுத்துத் தோய்த்துக் காயவைத்து மேலே ஏற்றிவிட வேண்டும். சலவைக் கடைக்காரரை அவர் நம்பமாட்டார். மெஷினில் போட்டால் சுருங்கிவிடும் என்பார். அதனால் நான் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு, குளியல் தொட்டிக்குள் சவர்க்காரத் தண்ணீரை நிரப்பி, போர்வையைப் போட்டு மிதிப்பேன்.

மகள் சின்னவளாக இருந்தபோது ஜூனில் பள்ளிக்கூடம் விட்டுவிடுவார்கள். மனைவிக்கு வேறு வீட்டில் வேலை. பிள்ளையை என்னோடுதான் கூட்டிப்போக வேண்டும். ஒன்றையும் தொடக்கூடாது என்ற நிபந்தனையில் சின்யோரா அனுமதித்தார். ஒன்றையும் தொடாமல் நிற்கக்கூடிய இடம் அந்த வீட்டில் தொட்டிதான். அவளுக்கு அப்போது ஏழு வயது. சட்டையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே குதிப்பாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இத்தாலிய மொழியில் பெருக்கல் வாய்பாடு சொல்லிச் சொல்லி மிதிப்பாள். நுரை அவள் முழங்கால் வரை வரும். ஏழாம் வாய்பாட்டில் எப்போதும் பிழை விடுவாள், திரும்பத் தொடங்குவோம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்ததில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில், பல்லரோ சந்தையில் மரக்கறி வாங்கும்போது, ஒவ்வொரு தரமும் அவளிடம் சொல்வேன்: "தொட்டியிலை மிதிச்சது ஒருத்தருக்கும் சொல்லாதை. பெரியப்பாவுக்குச் சொல்லவே கூடாது." அவள் தலையை ஆட்டுவாள். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மார்ச் வந்தது. நான் ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. மனைவி என்னோடு கதைப்பதைக் குறைத்து, கோப்பைகளை மேசையில் வைக்கும் சத்தத்தைக் கூட்டியிருந்தாள்.

பெடியன் நல்ல உயரம். வாசல்படியில் குனிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தான். நண்டுக் குழம்பைக் கையால் சாப்பிட்டான். முழங்கை வரை வழிந்தது, கவலைப்படவில்லை. மகள் சொல்லிக்கொடுத்த ஒரே தமிழ்ச் சொல் "காணும்", அதாவது போதும். அதை மூன்று தரம் சொல்லியும் மனைவி கேட்கவில்லை, போட்டுக்கொண்டேயிருந்தாள். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. அதனால் இன்னும் கோபம் வந்தது. அண்ணைக்கு என்ன சொல்வது?

சாப்பாட்டுக்குப் பிறகு மகள் ஊருக்கு வெளியே இருக்கும் சியாகுல்லித் தோட்டத்து மண்டரின் ஆரஞ்சுப் பழங்களை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தாள். அவன் உள்ளே மனைவியோடு சட்டி கழுவிக்கொண்டிருந்தான்.

"அலோரா, சரி சொல்லுங்கோ" என்றாள், பழத்தை உரித்தபடி. "பெரியப்பா என்ன சொல்லுறார்?"

"உனக்கு அவரைத் தெரியும்தானே."

"வாக்கர் எண்டால் என்ன எண்டு தேடியிருப்பாரே."

என் முகமே காட்டிக்கொடுத்திருக்கும்.

"எனக்கு முதலே தெரியும் அப்பா. அதாலைதான் அவரோடை கதைக்கவே தொடங்கினனான்."

"எதாலை?"

"ஒருநாள் வேலை முடிய எல்லாரும் சின்ன வயசுக் கதை கதைச்சுக்கொண்டு இருந்தம். எல்லாரும் எங்கையெங்கையோ கடற்கரைக்குப் போன கதை சொல்லிச்சினம். நான் எங்கடை வாஸ்காக் கதையை, அந்தக் குளியல் தொட்டிக் கதையைச் சொன்னன். நீங்களும் நானும் சின்யோராவின்ரை போர்வையை மிதிச்சது, ஏழாம் வாய்பாடு, எல்லாம். மற்றவை சிரிச்சினம். அவர் மட்டும் சிரிக்கேல்லை. தன்ரை பேரின்ரை கருத்தே அதுதான் எண்டார். தங்கடை முன்னோர் காலங்காலமா அதைத்தான் செய்தவையாம். பிறகு சொன்னார்..." அவள் பழத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை எனக்குத் தந்தாள். "'அப்ப உன்ரை அப்பா எங்கடை ஆள்' எண்டு சொன்னார்."

என்னால் அந்தப் பழத்தை வாயில் வைக்க முடியவில்லை.

"ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டனீங்கள்" என்றாள். "சொன்னது எல்லாருக்கும்தான் அப்பா. விளங்கினது ஒருத்தருக்குத்தான்."

நான் அழுதேன். பால்கனியில், கீழே ஸ்கூட்டர்கள் போய்வர, வெட்கமில்லாமல் அழுதேன். பிறகு உள்ளே போய், சவர்க்காரக் கையோடு நின்ற அந்தப் பெடியனின் கையைப் பிடித்துக்கொண்டு "ஓம்" என்றேன். அவனுக்கு அந்தச் சொல் தெரியாது. மகளைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டான்.

அடுத்த நாள் அண்ணையைக் கூப்பிட்டேன்.

"அண்ணை, என்ன ஆக்கள் எண்டு கேட்டனீங்கள் எல்லோ?"

"ஓம், சொல்லு."

"எங்கடை ஆக்கள்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஹோட்டல் இல்லை, வரவேற்பு மேசை இல்லை, இருபத்தாறு வருடமாக உடுப்புத் தோய்க்கிறேன், போர்வையைத் தொட்டியில் போட்டுக் காலால் மிதித்திருக்கிறேன், அந்த வேலையில்தான் இந்தப் பிள்ளை வளர்ந்தது என்று மூச்சு விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று காதை இறுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

திட்டவில்லை.

"எனக்கேனடா சொல்லேல்லை?" என்றார். குரல் உடைந்திருந்தது. பிறகு, "அந்தத் தண்ணி குளிரோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை. ஜூன் மாதம்தானே" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் கலியாணம் எந்த மாதம் என்று கேட்டார்.