முதல் ரேங்க் பருத்தி

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அவிக்கும் வாசனை வந்தால், இருபது வருடத்துக்கு முந்தைய அந்தப் புரட்டாசி நினைவுக்கு வந்துவிடும். கிராமத்தில் மானாவாரிப் பருத்தி போடும் என் தம்பி, ஒரு பை மல்லாட்டையோடு டவுனில் உப்பளம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தான். வேளாண் துறை பருத்தி ரகங்களைப் போட்டுப் பார்த்த சோதனையின் விளைச்சல் பட்டியலையும் கொண்டுவந்திருந்தான்.

“ரெண்டாவதா இருக்கற ரகம் கடையில கெடைக்குது. வாங்கிடட்டுமாக்கா?”

நான் பள்ளி ஆசிரியை. பட்டியலைப் பார்த்தால் ரேங்க்தான் கண்ணில் படும்.

“முதல் ரேங்க் இருக்கறப்ப ரெண்டாவது எதுக்குடா? அது வர்ற வரைக்கும் பொறு.”

“நீ படிச்சவ, சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று கிளம்பிவிட்டான்.

அந்த விதை வரவில்லை. விதைப்பு மழை பெய்து ஓய்ந்தேவிட்டது. பதறிப்போய் இருவரும் வேளாண் அலுவலகத்துக்கு ஓடினோம். அங்கிருந்த பெண் அதிகாரி, பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஓர் எண்ணைக் காட்டினார்.

“ரெண்டு ரகத்தோட விளைச்சல் வித்தியாசம் இதுக்குக் கம்மியா இருந்தா ரெண்டும் ஒண்ணுதாம்மா. இங்க கம்மிதான். மறுபடி போட்டுப் பாத்தா ரெண்டாவது முன்னால வந்தாலும் வரும்.”

தம்பி அன்றே அந்த இரண்டாவது ரகத்தை வாங்கிப் போனான். நல்லவேளை, அடுத்த மழை கைவிடவில்லை.

இப்போதெல்லாம் எந்தப் பட்டியலையும் அடியிலிருந்துதான் படிக்கிறேன். ஆனால் அன்று வீடு திரும்பியதும் முதலில் செய்தது வேறு. ஒரு மார்க்கில் இரண்டாம் ரேங்க் ஆகிவிட்ட என் மகளின் ரேங்க் கார்டு, இரண்டு நாளாக நான் கையெழுத்துப் போடாமல் மேஜையில் கிடந்தது. அவள் கேட்காமலே எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.