சிமெண்டைப் பிளந்த கல்யாணம்

தினமும் காலையில் என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளும்போது ஒரு மரத்துக்குத் தலை குனிகிறார். மலேசியாவின் கோலா சிலாங்கூரில் எங்கள் வரிசை வீட்டு முன்வாசல் முழுக்கச் சிமெண்டு. அதைப் பிளந்துகொண்டு ஒரு கல்யாண முருங்கை நிற்கிறது. எல்லாம் என்னால்தான். போன வருஷம் நாத்தனார் கல்யாணத்துக்கு வாசலில் பந்தல் போட்டோம். அரசாணிக்காலுக்கு வெட்டிவந்த கல்யாண முருங்கைக் கிளையை, டவுனில் எல்லோரும் செய்வதுபோல, மணல் நிரப்பிய டின்னில் நட்டால் போதும் என்றார்கள். நான் இராமநாதபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதுசு. கிளை மண்ணைத் தொடாமல் அது என்ன கல்யாணம் என்று பிடிவாதம் பிடித்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே உளியால் சிமெண்டைக் கொத்தினார்.

உங்களுக்குத் தெரியாததா? நம் ஊர் வெயிலில் நட்ட கிளை இரண்டொரு நாளில் சுள்ளியாகிவிடும். துளிர்த்தால் தம்பதி செழிப்பார்கள் என்பார்கள். துளிர்த்து நான் பார்த்ததே இல்லை. என் கல்யாணத்துக் கிளையைப் பக்கத்து வீட்டு ஆடு மறுநாளே தின்று தீர்த்தது. எல்லோருடனும் சேர்ந்து நானும் சிரித்தேன், ஆனால் மனசு சுருக்கென்றது. இங்கே பெய்கிற மழைக்கு விளக்குமாறுகூட வேர் விடும்போல. வாசல் கிளை துளிர்த்த அன்று தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தேன். எங்கள் இருவருக்கும் சேர்த்தே துளிர்த்ததாக நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் வாசலுக்குத் தகரக் கூரை போட ஆ செங் என்ற சீனர் ரம்பத்தோடு வந்தார்.

"மரத்த வெட்டித்தான் ஆகணும் லா. மழையில மோட்டார் துருப்பிடிக்குது" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குப் பதறிப்போய்விட்டது. குறுக்கே போய் நின்று, தெரிந்த அரைகுறை மலாயில், "இனி போக்கோக் காவின்" என்றேன். இது கல்யாண மரம் என்று சொன்னதாக என் எண்ணம். மரத்துக்கே கல்யாணம் என்று ஆ செங் எடுத்துக்கொண்டார் போலும். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பிலா?" என்று மரியாதையாகக் கேட்டார். எப்போதாம்!

"சுடா!" என்றேன். முடிந்துவிட்டது.

அவர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, கத்தரியை எடுத்துத் தகரத்தில் வட்டமாக ஓட்டை போட்டார். மறுநாள், அவர்கள் கல்யாணங்களில் மங்கல நிறமாம், ஒரு சிவப்புத் துணி கொண்டுவந்து மரத்தில் கட்டிவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நேற்று நல்ல மழை. ஓட்டை வழியாகத் தண்ணீர் மரத்தில் வழிந்து இறங்கியது. நாற்காலியை ஓட்டை ஓரத்துக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு தோளில் நம் ஊரைப்போல ஒரு பொட்டு ஈரமில்லை. மறு தோளில் இந்த ஊர் கொட்டிக்கொண்டிருந்தது.

"மழையில என்ன பண்ற? உள்ள வா லா!" என்று இவர் கத்தினார்.

"உள்ளதானேங்க இருக்கேன்" என்றேன், முந்தானையைப் பிழிந்தபடி.