கோழித் தண்ணீரில் கரைந்த வளையம்

பெரியப்பாவின் கோழிப்பண்ணை என்றதும் எனக்கு அந்த எவர்சில்வர் கரண்டிதான் நினைவுக்கு வரும். தண்ணீர் நிரம்பிய நீல டிரம்மின் ஓரத்தில் கம்பியில் தொங்கும். பனி இறங்கினால் ஒரு கரண்டி, பக்கத்துப் பண்ணையில் கோழி தும்மினால் இன்னொரு கரண்டி என்று வெள்ளை மருந்துப் பொடியைக் கலக்கிக் கோழிகள் குடிக்கும் குழாயில் விட்டுவிடுவார். நோய் வந்த பிறகு அல்ல, வந்துவிடுமோ என்ற பயத்துக்கு. “ஒரு செட்டுக் கோழி போச்சுன்னா குடும்பமே போச்சு சாமி” என்பார். ஒருமுறை அப்படிப் போய், அவர் சோறு இறங்காமல் கிடந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குச் சேலத்தில் மருந்து ஆய்வுக்கூட வேலை. அந்தப் பொடியின் உயிர் நான்கே அணுக்கள் கைகோத்த சின்ன வளையத்தில் இருக்கிறது. வளைத்துக் கட்டிய மூங்கில் பிளாச்சு போல அது விறைத்து நிற்கும். அந்த விறைப்புதான் கிருமியைக் கொல்கிறது. வளையம் அறுந்தால் மருந்து வெறும் மாவு. சும்மா சும்மா கொடுத்தால், வளையத்தை அறுக்கத் தெரிந்த கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருகும். இதைச் சொல்லாமல் நான் அவர் வீட்டில் சாப்பிட்டதே இல்லை. “நீ படிச்சது மனுசனுக்கு, இது கோழிக்கு” என்று சிரித்தபடி என் தட்டில் இன்னொரு முட்டையை வைப்பார்.

போன வருடம் பண்ணைக் கம்பி அவர் காலைக் கிழித்தது. சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் சீழை எடுத்துக் கிருமி வளர்த்த தட்டைக் காட்டினார்கள். மருந்துக்குக் கிருமி அடங்கினால், தட்டில் வைத்த மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து இடம் தெளிந்திருக்கும். அந்த வளைய மருந்துகளின் வில்லைகளையோ கிருமி ஒட்டி மண்டியிருந்தது. கோழிகளிடமிருந்து வந்ததா என்று கேட்டேன். “இருக்கலாங்க, அடிச்சுச் சொல்ல முடியாது” என்றார் டாக்டர். வேறு மருந்து பிடிப்பதற்குள் புண் முந்திக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கிருமியால் அறுக்க முடியாதபடி அணுக்களைக் கோத்து ஒரு புது வளையத்தை மூடத்தான் இப்போது ஆய்வுக்கூடத்தில் பாடுபடுகிறோம். ஐஸில் வைத்த குடுவையில் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டாலும், வளையம் மூடுவதற்குள் பல நாள் எல்லாம் பிசினாகிப் போகும். கோபமும் அழுகையும் சேர்ந்து வரும். அவர் காலை நினைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பேன்.

போன வாரம் பண்ணைக்குப் போனேன். ஊன்றுகோலோடு டிரம்மருகே நின்றிருந்தார்.

“இந்தப் பொடி இப்பெல்லாம் கேக்க மாட்டேங்குது சாமி. நீ செய்யறதாச் சொன்னியே, அந்தப் புது மருந்து வந்துருச்சா?”

குனிந்து அவருடைய இன்னொரு காலைப் பார்த்தேன். “ஏனுங்க பெரீப்பா, மறுபடியும் புண்ணுங்களா?”

“எனக்கெதுக்கு சாமி? கோழிக்குத்தான்” என்று கம்பியிலிருந்து கரண்டியை எடுத்தார்.