யேசுராசா நேர்த்தி வைத்து வரவழைத்த போட்டி

யேசுராசா என்ற பெயரை ராசமணி முதன்முதலில் கேட்டது அவளுடைய பெரியம்மாவின் வாயிலிருந்து. பெரியம்மா குருநகர் வீட்டில் மீன் வெட்டிக்கொண்டே கல்யாணம் பேசினார். மாப்பிள்ளை மன்னார்ப் பெடியன், தாய் பேசாலை, தகப்பனுடைய ஆட்கள் பாதி நமக்குச் சொந்தம், குடி கிடையாது, பாஸ்கட் போல் என்றால் உயிர். ராசமணி நல்ல நெட்டை. அந்த உயரத்துக்கு மாப்பிள்ளை தேடித் தேடி வீட்டார் களைத்துப்போயிருந்த காலம் அது. பாஸ்கட் போல் என்றதும் வீடு முழுக்க ஒன்றைத்தான் நினைத்தது. வாசல் நிலையில் தலை இடிக்கிற ஒருவன் வரப்போகிறான்.

வந்தவர் எதிலும் இடிக்கவில்லை. ராசமணியின் காது மட்டத்துக்குத்தான் இருந்தார். பிறகு விசாரித்தால், கல்லூரி மைதானத்தில் அவர் பந்தையே தொட்டதில்லையாம். கரும்பலகையில் சோக்கட்டியால் புள்ளி எழுதுகிறவராம். பெரியம்மாவைப் பிடித்துக் கேட்டார்கள். உயிர் என்று சொன்னேனே தவிர விளையாடுவான் என்று நான் எப்போது சொன்னேன் என்று அவர் அடுத்த மீனை எடுத்தார். அந்தக் கதைக்கே ராசமணி சிரித்துவிட்டாள். சிரித்த பெட்டையைக் கேட்டுத்தான் சம்மதம் எழுத வேண்டுமா என்ன, கல்யாணம் முடிந்துவிட்டது.

எண்பத்தொன்பதில் மகள் ஜெனுஷாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒக்லாந்துக்கு வந்தார்கள். மவுண்ட் ஆல்பர்ட்டில் நடந்தால் முனகுகிற ஒரு பழைய மர வீடு. யேசுராசாவுக்கு அடிபட்ட கார்களுக்கு ஒடுக்கெடுக்கிற கராஜில் வேலை. ஜெனுஷா தாயின் பக்கத்து உயரத்தை வாரிக்கொண்டு வளர்ந்தாள். ராசமணியின் தம்பி டெஸ்மனுக்கு இருந்த அதே நீட்டுக் கால், அதே நீட்டுக் கை. இங்கும் ஊரைப் போலப் பெரிய பள்ளிக்கூடத்தைக் கல்லூரி என்றுதான் சொல்லுவார்கள். அந்தக் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே அவளைக் கூடைப்பந்துக் குழுவில் போட்டுக்கொண்டார்கள். யேசுராசா அன்றைக்குப் பூசைக்குப் போகிற சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கராஜுக்குப் போனார்.

வருடா வருடம் கல்லூரிகளின் பெரிய போட்டி தெற்கே பாமர்ஸ்டன் நோர்த்தில் நடக்கும். பிள்ளைகள் பஸ்ஸில் போவார்கள். யேசுராசா ஐஸ்கிரீம் டப்பாவில் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு, தன் பழைய கொரோலாவில் பஸ்ஸுக்குப் பின்னால் ஏழு மணித்தியாலம் ஓடுவார். அங்கே படுக்க இடம் இருந்தது. ராசமணியின் சித்தி மகள் ஞானமலர் அந்த ஊரில்தான் இருந்தாள். அவளுடைய புருஷன் சோதிலிங்கம் சைவம், ஞானமலரைக் காதலித்துக் கட்டினவன், ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிற வேலை. யேசுராசாவுக்குச் சகலன் முறை. மூன்று வருடம் தொடர்ந்து சகலன் வீட்டில் படுத்து, சகலன் வீட்டில் சாப்பிட்டு, ஒரு ஆட்டமும் விடாமல் பார்த்துவிட்டுத் தொண்டை கட்டிப்போய் வந்து சேருவார். சோதிலிங்கத்துக்குப் பந்து வட்டம் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அந்தக் கிழமை ராசமணிக்கும் திருநாள்தான், அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. பாணும் பருப்பும் போதும். உலை வைக்கத் தேவையில்லை. புள்ளிக் கணக்குக் கேட்கத் தேவையில்லை. சோபாவில் கால் நீட்டி, ரீவியில் வெள்ளைக்காரிகள் அழுகிற நாடகம் பார்க்கலாம்.

யேசுராசாவுக்கு மட்டும் ஒரு மனக்குறை. இவ்வளவு பெரிய ஒக்லாந்து இருக்க, போட்டியை ஏன் அங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள்? இங்கே வைத்தால் நம்முடைய கட்டிலில் படுத்து எழும்பிப் போய்ப் பார்க்கலாமே. மகளுக்குக் கடைசி வருடம் வந்தபோது மருதமடு மாதாவுக்கு நேர்த்தியே வைத்துவிட்டார். கொஞ்ச நாளில் செய்தி வந்தது. தெற்கே அந்த மண்டபத்தில் ஏதோ கூரை வேலையாம், இந்த முறை போட்டி ஒக்லாந்தில், துறைமுகப் பாலத்துக்கு அப்பால் கிளென்ஃபீல்ட் பக்கத்து ஸ்ரேடியத்தில். மாதா கூரையைக் கழற்றித் தந்தா என்று யேசுராசா சந்தோசப்பட்டார். கராஜில் ஒரு கிழமை லீவும் எழுதிக் கொடுத்தார். அதோடு நின்றிருக்கலாம். போனை எடுத்துச் சகலனிடமும் சொன்னார். சொல்லிவிட்டு, நம்முடைய ஆட்கள் எல்லோரும் சொல்லுகிற அந்த வசனத்தையும் சொன்னார்: "வாங்கோவன், வீடு கிடக்குதானே."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சோதிலிங்கத்தின் வான் வந்து நின்றது. புருஷன், பெண்சாதி, மூன்று பிள்ளைகள், ஒரு சாக்கு உருளைக்கிழங்கு. பந்து பார்க்க வந்த முகம் ஒன்றையும் காணவில்லை. பெரியவனை அடுத்த வருடம் ஒக்லாந்தில் சேர்க்கிற யோசனையாம், ஊரைச் சுற்றிப் பார்த்து ஒரு வீடும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்களாம்.

திங்கட்கிழமை முதல் ஆட்டம். அன்றைக்குக் காலையில் வானின் கியர் விழவில்லை. ஒடுக்கெடுக்கிற சகலன் வீட்டில் இருக்க வானை வேறு யாரிடம் காட்டுவது? செவ்வாய்க்கிழமை சாண்ட்ரிங்கம் வீதியில் சேலையும் சாமானும். புதன்கிழமை மிருகக்காட்சிச்சாலை. அங்கே சின்னவன் குரங்குக்கு முன்னால் நின்றவன் நின்றதுதான், இழுத்துக்கொண்டு வர முடியவில்லை. மாலையில் தப்பி ஓடிப் பாலத்தில் ஏறினால் ஒரு கார் இன்னொரு காரின் பின்பக்கத்தை முகர்ந்துகொண்டு நின்றது. யேசுராசா போய்ச் சேர்ந்தபோது யாரோ வேறு இரண்டு கல்லூரிகள் ஆடிக்கொண்டிருந்தன. வந்ததற்கு அதையாவது பார்ப்போம் என்று கொஞ்சம் பார்த்துவிட்டு வந்தார்.

ஜெனுஷாவின் குழு எல்லா ஆட்டத்திலும் வென்றுகொண்டே போனது. அதைத் தகப்பன் மற்றவர்களைப் போலக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் குசினியில் குளிர்சாதனப் பெட்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஒன்றையும் எடுக்கவில்லை. தாயைப் பார்க்காமல், இங்கிலீசில், மெதுவாகச் சொன்னாள். அப்பா போன வருடம் ஏழு மணித்தியாலம் ஓடி வந்தார், இந்த வருடம் ஒரு பாலம் தாண்ட அவரால் முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். ராசமணி கழுவின கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாள். அவள் அதுவரை தன் பறிபோன ஓய்வைப் பற்றித்தான் புறுபுறுத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அரையிறுதியும் வென்றார்கள். அடுத்த நாள் பைனல். அதுதான் ஜெனுஷா அந்தக் கல்லூரிச் சட்டையோடு ஆடுகிற கடைசி ஆட்டம். அன்றிரவு சோதிலிங்கம் வயிற்றைத் தடவிக்கொண்டு ஒரு விசயம் சொன்னான். ஒக்லாந்துக்குள்ளேயே, எப்சத்தில் ஒரு வீடு இருக்கிறதாம், சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு வீட்டுக்காரன் வந்து காட்டுவானாம். "அண்ணை, நீங்கள் பக்கத்திலை நிண்டால்தான் எனக்குத் துணிவு. சுவரிலை ஈரம் கிடக்கோ, கூரை ஒழுகுமோ எண்டு உங்களுக்குத்தான் தெரியும்."

"ஓம் தம்பி, அதுக்கென்ன," என்றார் யேசுராசா.

அதுக்கென்ன என்ற சத்தம் குசினிக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஆளும் வந்தார். தண்ணீர் வார்த்தார், குடித்தார், வெறும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு மூண்டு மணிக்குப் பைனல்," என்றார்.

"அதை ஏன் எனக்குச் சொல்லுறியள்? சோதியிட்டைச் சொல்லுங்கோவன்."

"எப்பிடியப்பா சொல்லுறது? மூண்டு வருசம் அவன்ரை வீட்டிலை படுத்து எழும்பினனான். வேலைக்குப் போற மனுசன், எனக்காக விடிய எழும்பித் தேத்தண்ணி வைச்சவன். இப்ப அவன் ஒரு வீடு பாக்கக் கேக்க, எனக்குப் பந்து பாக்கவேணும் எண்டு சொல்லலாமே?"

ராசமணி யோசித்துப் பார்த்தாள். மனிதர் சொல்வது சரிதான். தானே ஞானமலரிடம் சொல்லலாம் என்றால், சித்தி மகள் அல்லவா, நாளைக்குச் சித்தியின் காதுக்குப் போகும், சித்தி கனடாவிலிருந்து போன் எடுப்பா. விருந்தாளியிடம் வேண்டாம் என்று சொல்லுகிற வாய் அந்த வீட்டில் ஒருவருக்கும் இல்லை. ஆனால் அந்தக் கிழமை முழுக்க அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். சோதிலிங்கம் எங்கே போனாலும், மிருகக்காட்சிச்சாலையோ கடைத்தெருவோ, சாப்பாட்டு நேரத்துக்கு வாசலில் வந்து நின்றுவிடுவான்.

சனிக்கிழமை அவள் விடியவே அடுப்பை மூட்டினாள். ஆட்டிறைச்சிப் பிரட்டல், றால் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, அப்பளம். வாசம் போய் ஒவ்வொருவரையும் கட்டிலிலிருந்து எழுப்பியது. பத்து மணிக்கே சோதிலிங்கம் குசினி வாசலில் நின்று, அக்கா என்ன விசேசம் என்று கேட்டான். அவள் சோற்றைச் சுடச்சுடச் சில்லி பின்னில் கொட்டி மூடினாள். இங்கத்தைய ஆட்கள் கடற்கரைக்குப் பியர் குளிராக வைத்துக் கொண்டுபோகிற பெட்டி அது. நம்முடைய ஆட்கள் அதில் சோற்றைச் சூடாக வைப்பார்கள். கறிச் சட்டிகளைத் துவாயால் கட்டி, ஒரு மணி தாண்டினதும் எல்லாவற்றையும் யேசுராசாவின் காரில் ஏற்றினாள்.

"இண்டைக்குச் சாப்பாடு ஸ்ரேடியத்திலை," என்றாள்.

சோதிலிங்கம் திகைத்துப்போனான். "அக்கா, வீடு பாக்கப் போகவேணுமே?"

"ஓம், போய்ப் பாருங்கோ. வடிவாய்ப் பாருங்கோ. பசிச்சால் பாலம் தாண்டி வாங்கோ." சொல்லிவிட்டு முன் சீற்றில் ஏறி, இறைச்சிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

யேசுராசா மனைவியைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், காரை எடுத்தார். கண்ணாடியில் பார்த்தபோது வீட்டு ஜன்னலுக்குள் சோதிலிங்கம் போனும் கையுமாக நின்றுகொண்டிருந்தான். வீட்டுக்காரனிடம் என்ன சொன்னானோ, பார்க்கிற நாள் திங்கட்கிழமைக்குப் போய்விட்டது. இவர்கள் பாலத்தில் ஏறும்போதே வான் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அங்கே போனால் இன்னொரு வில்லங்கம். சமைத்த சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். கார் நிறுத்துகிற இடத்தில், தூறலில், வானின் பின் கதவைத் தூக்கிப் பிடித்து அதற்குக் கீழே நின்று சாப்பிட்டார்கள். யேசுராசா பரிமாறினார். உள்ளே பைனல் தொடங்குகிற விசில் சத்தம் கேட்டது. அவருடைய கை சோற்றில், காது மண்டபத்தில். சோதிலிங்கம் றாலைத் தனித்தனியாக உரித்து ரசித்துக்கொண்டிருந்தான். விருந்தாளி சாப்பிட்டு முடிக்குமுன் விருந்து வைக்கிறவன் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் அந்தப் பரம்பரையிலேயே இல்லை.

ராசமணி அகப்பையைப் பிடுங்கினாள். "நான் நிக்கிறன். நீங்கள் போங்கோ."

"அவங்கள் என்ன நினைப்பினம்?"

"இறைச்சி நல்லாயிருக்கெண்டு நினைப்பினம். போங்கோ அப்பா. பிள்ளை பாத்துக்கொண்டு நிப்பாள்."

யேசுராசா ஓடினதை ராசமணி அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள். கராஜுக்குப் பிந்தினாலும் நடந்தே போகிற மனிதர். கழுவாத கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் தேங்கின இடமெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடினார்.

சட்டிகளைக் கட்டி முடித்து மற்றவர்களோடு அவள் உள்ளே போனபோது பாதி ஆட்டம் முடிந்திருந்தது. தொண்டை கட்ட வருகிற மனிதர் அல்லவா, கத்திக்கொண்டு நிற்பார் என்றுதான் தேடினாள். அவர் மூன்றாம் வரிசையில் அசையாமல் இருந்தார். பயம் பிடித்தவர் போல இரண்டு கையையும் முழங்காலுக்கு இடையில் வைத்திருந்தார். கீழே ஜெனுஷா வேர்த்து வழிய ஓடினாள். ஒவ்வொரு தடவை பந்து நிற்கும்போதும் மூன்றாம் வரிசைக்கு ஒரு பார்வை போட்டுவிட்டுத்தான் திரும்பினாள். இதற்குத்தான் இந்த மனிதர் ஏழு மணித்தியாலம் ஓடியிருக்கிறார் என்று ராசமணிக்கு அப்போதுதான் பட்டது. அவள் போய்ப் பக்கத்தில் இருந்தாள். கிழமை முழுக்கக் குசினியில் நின்ற கால் கடுத்தது, எழும்ப மனம் வரவில்லை.

எதிரே ஆடினது பாமர்ஸ்டன் நோர்த்துக் கல்லூரி. அதை யாரோ சொல்லச் சோதிலிங்கத்தின் காதில் விழுந்துவிட்டது. தன் ஊர். அவ்வளவுதான். மூன்று வருடம் வீட்டுக்குப் பக்கத்தில் நடந்த போட்டியை எட்டிப் பார்க்காத மனிதன், யேசுராசாவின் வீட்டு இறைச்சியை வயிறு முட்டத் தின்றுவிட்டு, எழும்பி நின்று மற்றப் பக்கத்துக்குக் கத்தினான். ஞானமலர் அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருந்தான், திரும்ப எழும்பினான். கடைசியில் அவனுடைய பக்கம்தான் வென்றது. ஒரே ஒரு கூடை வித்தியாசம்.

ஜெனுஷா படி ஏறி வந்தபோது முகம் சிவந்திருந்தது. தகப்பனின் தோளில் நாடியை வைத்துக்கொண்டு நின்றாள். அதற்கு அவள் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. அவர் கறி மணக்கிற கையால் அவளுடைய முதுகைத் தட்டி, நல்ல மட்ச், நல்ல மட்ச் என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது பாலத்தில் மழை பிடித்துக்கொண்டது. யேசுராசா காரை மெதுவாக்கினார். பிறகு, "அடுத்த வருசம் அவங்கள் போட்டியை எங்கை வேணுமெண்டாலும் வைக்கட்டும்," என்றார். "இஞ்சை மட்டும் வேண்டாம்." ராசமணிக்குச் சிரிப்பு வந்தது. சட்டி சரிந்துவிடாமல் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த வருடம் சோதிலிங்கம் குடும்பம் எப்சத்துக்கு வந்துவிட்டது. போட்டியும் தெற்கே திரும்பிப் போனது. அங்கே படுக்க இப்போது வீடு இல்லை, குழுவில் மகளும் இல்லை. யேசுராசா போகத்தான் செய்தார். இந்த முறை முன் சீற்றில் ராசமணியும் இருந்தாள். வண்டியோடு ஊர் சுற்றுகிறவர்கள் தங்குகிற முகாமில் ஒரு சின்ன அறை எடுத்து, யாருக்கும் சமைக்காமல், யாரையும் எங்கும் கூட்டிப்போகாமல், தெரியாத பிள்ளைகளின் ஆட்டம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தார்கள். சோதிலிங்கம் போன் எடுத்து யார் வென்றது என்று கேட்டான்.

யேசுராசாவும் ராசமணியும் இப்போது பாலத்துக்கு அப்பால் அதே கிளென்ஃபீல்டில், ஜெனுஷாவின் வீட்டுக் கீழறையில் இருக்கிறார்கள்.