மூன்று தடவை சொன்னேன்

என் மச்சான் கள்ளுக்கடைக்குள் நுழைகிற விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வெயிலுக்குப் பிடித்து வந்த குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். செருப்பைக் கழற்றி ஜோடி சேர்த்து வாசலோரம் வைப்பார். தாழ்ந்து கிடக்கும் பனையோலைக் கூரைக்கு அடியில் தலையைக் குனிந்து, உள்ளேயிருந்து வருகிற குழம்பு வாசனையை மூச்சு முட்ட இழுத்துவிட்டு, "மாப்பிள, இன்னைக்கு அயிர மீனு" என்பார். எங்கள் சபையின் கோயிலுக்குள் அவர் அவ்வளவு பணிவாக நுழைந்து நான் பார்த்ததில்லை.

மச்சான் என்றால் என் அக்காளைக் கட்டியவர். இரண்டாவது உலகச் சண்டைக்காலம் அது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கூப்பன் தூக்கிக்கொண்டு அலைந்த வருடங்கள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற வழியில் ஒரு கரிசல்காட்டு ஊரில் மிஷன் பள்ளிக்கூடம் இருந்தது. அவர் அங்கே பெரிய வகுப்புகளுக்குத் தமிழும் பூகோளமும் நடத்தினார். நான் சின்ன வகுப்புக்குத் தற்காலிக வாத்தியார். இரண்டு பேருமே சபையில் முழங்காலிட்டு, மதுவைத் தொடமாட்டோம் என்று உறுதிமொழி கொடுத்தவர்கள். அந்தக் காகிதத்தில் என் கையெழுத்தைவிட மச்சானின் கையெழுத்து அழகாக இருக்கும்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள்தான். மத்தியானம் இரண்டு குடைகளோடு கிளம்பிவிடுவோம். வகுப்புக்கு வராத பிள்ளைகளைத் தேடி ஊர் ஊராகப் போகிறோம் என்று அக்காளிடம் சொல்வது வழக்கம். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. வழியில் இரண்டு வீட்டுப் படலைத் தட்டி, "பிள்ளைய அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நடப்போம். மச்சான் பொய்க்குக்கூட கொஞ்சம் உழைக்கிற ஆள்.

அந்த வறண்ட காட்டில் எத்தனை கள்ளுக்கடை உண்டோ அத்தனையும் அவருக்கு அத்துப்படி. பந்தல்குடிப் பக்கம் ரோட்டோரத்துக் கடையில் நெத்திலிக் கருவாட்டை வறுத்துத் தருவார்கள். லாரிக்காரர்கள் கூட்டம் அதிகம், உட்கார இடம் கிடைக்காது. வீரசோழன் போகிற பாதையில் உடைமரங்களுக்கு நடுவே ஒரு கடை இருந்தது. அங்கே கண்ணி வைத்துப் பிடித்த கவுதாரியை மிளகு அரைத்துப் போட்டுக் குழம்பு வைப்பார்கள். எந்தக் கடைக்குப் போனாலும் மச்சான் முதலில் என்ன சமைத்திருக்கிறார்கள் என்றுதான் கேட்பார். ஒரு வாய் தின்று பார்த்து, பிடிக்கவில்லை என்றால் கள்ளைத் தொடாமலே எழுந்து வந்துவிடுவார். "கள்ளு எல்லாப் பனையிலயும்தான் வடியுது மாப்பிள. கைப்பக்குவம் எல்லாருக்குமா வாய்க்குது?" என்பார். மூக்கு முட்டக் குடித்துவிட்டுத் தெருவில் புரண்ட ஆள் இல்லை அவர். பனையோலையை மடக்கிய பட்டையில் இரண்டுக்கு மேல் அவர் குடித்து நான் பார்த்ததில்லை. நான்தான் மூன்றாவது கேட்பேன்.

எல்லாக் கடைகளிலும் அவருக்கு உயிர், திருச்சுழிக்குக் கிட்டே ஒரு கண்மாய்க்கரையில் இருந்த கடை. பெரிய புளியமரம், அதன் நிழலில் வண்டிமாடுகள், யாராலும் படிக்க முடியாத எழுத்துள்ள ஒரு கல்தூண், அதில் சாய்ந்தாற்போல் கடை. அந்த இடத்தில் மச்சானின் தாத்தா காலத்துக்கும் முன்னாலிருந்தே கடை உண்டு என்பார்கள். "ரோடு வந்தது பிறகு, மிஷன் வந்தது அதுக்கும் பிறகு. நம்ம எல்லாருக்கும் மூத்தது இதுதான்" என்று தூணைத் தட்டிக்கொடுப்பார். உள்ளே ஜாதிக்கொரு மூலை பிரிந்து கிடக்கும். மச்சான் காலியாக இருக்கிற மூலையில் போய்ச் சம்மணம் போடுவார். அடுப்படியில் ஒரு அம்மாள். கண்மாய்த் தண்ணீர் வற்றும்போது அள்ளுகிற அயிரை மீனை உரசிக் கழுவி, புளி தூக்கலாகக் குழம்பு வைத்து, குதிரைவாலிச் சோற்றின் மேல் ஊற்றுவாள். அப்படி ஒரு சோற்றை நான் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை.

அங்கேதான் அகப்பட்டோம். பங்குனி மாதத்து வெயில். நான் சாப்பிட்டு முடித்துக் கொல்லைப்பக்கம் கை கழுவப் போயிருந்தேன். மச்சான் மடியில் இலையும் கையில் கள்ளுப் பட்டையுமாக இருந்தார். திருச்சுழியிலிருந்து மாட்டுவண்டியில் வந்த எங்கள் சபை மூப்பருக்கு அந்த இடத்திலா நுகத்துப் பூட்டாங்கயிறு அறுந்து தொலைக்க வேண்டும்! கயிறு கேட்டுக் கடை வாசலில் வந்து நின்றார்.

"வாத்தியாரா? நீங்களா?"

"நான்தான்யா. பனங்கயிறு உள்ள கெடக்கு, எடுத்துத் தரச் சொல்லட்டா?" என்றார் மச்சான். பட்டையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து நான் கொல்லைப்பக்கமிருந்து வந்தேன். மூப்பர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, நீ இங்க என்ன செய்ற?"

"மச்சானக் கூட்டிட்டுப் போக வந்தேன்யா."

என் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. மச்சான் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஆமாய்யா, வந்ததுலருந்து கூப்பிட்டுக்கிட்டுத்தான் நிக்கிறான். நான்தான் கேக்கல" என்றார். எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று நினைத்தேன், உள்ளூர ஒரே நிம்மதி.

திரும்பி நடக்கும்போது நான் நாலடிக்கு ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவருக்கு ஒரு பதற்றமும் இல்லை. எங்கள் சபையில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. குடித்து அகப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் நின்று குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் கடைசிப் பாயில் உட்கார வேண்டும், திருவிருந்தில் அப்பம் கிடையாது. அப்புறம் போதகர் கையைப் பிடித்து முன்னால் கூட்டிவருவார், அதோடு முடிந்தது. அந்தப் பாயில் உட்கார்ந்து எழுந்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர். "மூணு மாசம் முன்னால இருக்கவன் பிடரியப் பாத்துக்கிட்டு நல்லாத் தூங்கலாம்" என்றார் மச்சான். "உனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல. பொண்ணு வேற பாத்துக்கிட்டிருக்காக. நீ வாயத் தொறக்காம இரு, அது போதும். மத்தத நான் பாத்துக்கிறேன்."

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அதுகூட என்னால் முடியவில்லை.

சபைக் கமிட்டி கோயிலை ஒட்டிய சின்ன அறையில் கூடியது. மச்சான் முதலில் போய், குடித்தது உண்மை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். போதகர் நல்ல மனுஷர், கனிவாகத்தான் கேட்டார். "நீ அவருக்குத் தனியாப் புத்தி சொன்னியாப்பா?"

தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கலாம். யாரும் அதற்கு மேல் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அந்த மூப்பர் என்னை மெச்சிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்ததே அவர் தங்கை வீட்டில்தான்.

"சொன்னேன்யா."

"எத்தனை தடவ?"

"மூணு தடவ சொன்னேன்."

சபை ஒழுங்கில் இன்னொரு விதி இருந்தது. விழுந்தவன் தன்னைத் தாழ்த்தினால் மூன்று மாதப் பாய். சகோதரன் தனியாக, திரும்பத் திரும்பப் புத்தி சொல்லியும் கேளாதவனுக்குப் பாய் கிடையாது, அவன் மனம் கடினப்பட்டவன், சபைக்கு வெளியே. சபைக்கு வெளியே போனவன் மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த முடியாது. இது எனக்குத் தெரியாத விஷயமல்ல, சபைப் பரீட்சைக்காக நெட்டுருப் போட்ட விதி. அந்த நேரத்தில் மறந்துபோனது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. என் பெயர் நன்றாக இருக்க வேண்டும் என்கிற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

மச்சானை மறுபடியும் உள்ளே கூப்பிட்டார்கள். "உம்ம மச்சினன் தனியா மூணு தடவ சொல்லியும் நீர் கேக்கலையாமே, உண்மையா?"

அவர் என்னைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். குடிகாரன், பொய்யன் என்று இரண்டு பட்டத்தோடு நான் வெளியே போயிருப்பேன், அவர் மூன்று மாதம் பாயில் தூங்கிவிட்டு வந்திருப்பார். நான் அறைக் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உண்மைதான்யா" என்றார்.

அவருடைய வகுப்பை எனக்குக் கொடுத்தார்கள். வேலை நிரந்தரமானது, கல்யாணமும் நடந்தது. போதகரின் வீட்டம்மா அக்காளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். அக்காள் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "மூணு தடவ சொன்னியாமே தம்பி. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா, நான் கால்ல விழுந்தாவது நிறுத்தியிருப்பேனே" என்றாள். நான் பதில் பேசவில்லை. அதையும் அவள் என் பெருந்தன்மை என்றே எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் விருதுநகருக்குப் போனார்கள். மச்சானுக்கு ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் மண்டியில் மூட்டைகளுக்குக் குறி எழுதுகிற வேலை கிடைத்தது. உலகப் படத்தைப் பார்க்காமல் கரும்பலகையில் வரைந்து காட்டுகிற கை, சாக்கின் மேல் தாரால் எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. மிளகாய் நெடியில் அவருக்கு இருமல் பிடித்தது, கடைசிவரை விடவில்லை.

சுதந்திரம் வந்த சமயத்தில் எங்கள் ஜில்லாவுக்கும் மதுவிலக்கு வந்தது, கடைகளை எல்லாம் மூடினார்கள். நான் அப்போது தலைமையாசிரியர். பிள்ளைகள் கையில் காகிதக் கொடி கொடுத்து, கோஷம் போட வைத்து, கண்மாய்க்கரைக் கடைவரை ஊர்வலம் நடத்திக்கொண்டு போனேன். போதகர் கூட வந்தார். கூரையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த அந்த அடுப்படி அம்மாள் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்துவந்தாள். "வாத்தியாரே, ஒங்க மச்சான் சொகமா இருக்காகளா? அயிரன்னா உசுர விடுவாகளே" என்றாள்.

"யாரும்மா நீ?" என்றேன்.

அவள் என்னையும் போதகரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆளு மாறிப்போச்சு போல" என்று சொல்லிவிட்டுச் சாக்குக்கட்டுப் பக்கம் திரும்பிப் போனாள். பிள்ளைகள் விடாமல் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வருடத்துக்கு இரண்டு தடவையாவது விருதுநகருக்குப் போவேன். அக்காள் எனக்கு ராஜ உபசாரம் செய்வாள். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், அரிசி தீர்ந்தாலும், கூரை ஒழுகினாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், அவள் வைவது ஒரே வார்த்தையில்தான் போய் முடியும். "என் தம்பி மூணு தடவ சொன்னான். கேட்டாகளா இவுக?" மச்சான் இருமிக்கொண்டே என் பக்கம் திரும்பி, "மாப்பிள பேச்சக் கேட்டிருக்கணும்" என்று சிரிப்பார். முதலில் அது எனக்குக் குத்தலாகத் தெரிந்தது. பிறகு குத்தல் இல்லை என்று தெரிந்தது. குத்தியிருந்தால் தேவலை.

முப்பது வருடம் அப்படியே ஓடியது. அவர் இறந்தார். அடக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அக்காள் அதையே சொல்லி அழுதாள். நான் பெட்டியின் தலைமாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இவரை அந்தப் பேச்சோடு மண்ணுக்குள் அனுப்பிவிட்டேனே என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரு மாதம் கழித்து, அக்காள் தனியாக இருக்கிற நேரம் பார்த்துப் போனேன். பகல் சமையலை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நானும் கடைக்குள் கூடவே போனது, நானும் குடித்தது, மூன்று தடவை என்றது பொய், ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது வரைக்கும்.

அக்காள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"போதும் தம்பி. செத்தவுக பேரக் காப்பாத்துறதுக்கு நீ உன் பேரக் கெடுத்துக்காத."

"இல்லக்கா. சத்தியமா நிசம்."

"நிசமா இருந்தா அந்த மனுசன் சொல்லியிருக்க மாட்டாகளா? முப்பது வருசம் வஞ்சிருக்கேன் தம்பி. பிள்ளைக முன்னால, வந்தவுக போனவுக முன்னால வஞ்சிருக்கேன். உன் தம்பியும் கூடத்தாண்டி குடிச்சான்னு ஒரு நா, ஒரே ஒரு நா அவுக வாய் தொறக்கலையே. சும்மாவா இருந்திருப்பாக?"

அவர் சும்மா இருந்ததுதான் அவளுக்குச் சாட்சி. இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நம்பினால், முப்பது வருடமாக யாரை வைதோம் என்று நினைத்து உடைந்துபோவாள், அக்காளுக்காகத்தான் விட்டுவிடுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். அவள் கண்ணில் அந்த நேரம் என் மேல் இருந்த மரியாதையை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் இலை போட்டாள். "உக்காரு தம்பி. நேரமாச்சு, சாப்பிடு" என்றாள். உட்கார்ந்தேன். அவள் பரிமாறப் பரிமாறச் சாப்பிட்டேன். போதுமா என்று கேட்டாள். இலையைப் பார்த்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.