எல்லா உரிமையும் எனக்கே

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் மணி ஒன்று இருபது. கொல்கத்தாவின் பெஹாலாவில் விடாத மழை. எங்கள் சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர். அதில் நடந்து வந்து ஒரு பெண் கதவைத் தட்டினாள். திருநெல்வேலிப் பக்கம். இங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது என்றாள்.

ஓய்வு பெற்றபின் நான் ஒரு சிறு நிரல் எழுதி இணையத்தில் போட்டிருந்தேன். தமிழ்ப் பெயர்களை வங்காள எழுத்தில் மாற்றித் தரும். அதை அவள் ஒரு மருத்துவமனைப் பதிவு வேலையில் சேர்த்திருந்தாள். அன்று மாலை ஐந்துக்கு ஒப்படைக்க வேண்டும். நிறுவனத்து வக்கீல் தடுத்துவிட்டார்.

"சார், முகப்புல யார் வேணா எடுத்துக்கலாம்னு போட்டிருக்கீங்க. உள்ள பதினாலு ஃபைல்லயும் எல்லா உரிமையும் ஆசிரியருக்கேன்னு இருக்கு. நாங்க எதை நம்ப?"

"அது சும்மா போட்டதும்மா. புத்தகத்துல எல்லாம் இருக்குமே. பிள்ளையார் சுழி மாதிரி."

"எங்க வக்கீலுக்குப் பிள்ளையார் சுழி தெரியாது சார். அஞ்சு மணிக்குள்ள நோட்டரி கையெழுத்தோட பேப்பர் வேணும். இல்லைன்னா என் வேலை போயிரும்."

நோட்டரியைத் தேடி நாங்கள் ஏறிய டாக்ஸி அலிப்பூர் போய்ச் சேரும்போது மணி மூன்று. நீதிமன்றத்துக்கு வெளியே தார்ப்பாய்க்கு அடியில் தட்டச்சு செய்து கொடுத்தார்கள்: 'இது முழுவதும் நான் ஒருவனே எழுதியது, யாரும் பயன்படுத்தலாம்.'

பேனாவை எடுத்தவன் வைத்துவிட்டேன். வங்காளக் கூட்டெழுத்துகளுக்கான முப்பத்தெட்டு வரிகள் என்னுடையவை அல்ல. பாலிகஞ்சில் இருக்கும் என் பழைய அலுவலக நண்பர் எழுதிக் கொடுத்தவை. அண்ணா என்பதை வங்காளத்தில் சொல்வதுபோல, தாதா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பெயரை எங்குமே போடவில்லை.

"முப்பத்தெட்டு வரிதானே சார்" என்றாள்.

"சத்தியம் பண்ணிக் கொடுக்கிற பத்திரம்மா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நண்பருக்குப் போன் செய்தேன். மூன்றாவது முறைதான் எடுத்தார். முழுவதையும் கேட்டுவிட்டு வங்காளத்தில் சொன்னார்: "எல்லா உரிமையும் உம்முடையதுதானே ஐயா? ஆறு வருஷமா அதைப் படிச்சுட்டுத்தான் இருக்கேன். இப்ப நான் எதுக்கு?" போனை வைத்துவிட்டார்.

அந்தப் பெண்ணின் கைபேசியில் அவள் மேலதிகாரி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், அவள் எடுக்கவில்லை. நான்கு மணி இருபதுக்கு நோட்டரி முத்திரைகளைப் பெட்டியில் எடுத்து வைக்கத் தொடங்கினார். அப்போது ஒரு டாக்ஸியிலிருந்து தாதா இறங்கினார், கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு.

"என் பேர் முதல்ல வரணும்" என்றார்.

"சரி தாதா."

"டாக்ஸிக்குக் காசு கொடு."

பத்திரத்தை மறுபடி தட்டச்சு செய்து, இருவரும் கையெழுத்திட்டோம். நான்கு ஐம்பதுக்கு அவள் அதைப் படம் பிடித்து அலுவலகத்துக்கு அனுப்பினாள். 'சரி' என்று பதில் வந்த பிறகுதான் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

இன்று பதினான்கு ஃபைலிலும் இரண்டு பெயர்கள், 'யாரும் பயன்படுத்தலாம்' என்ற ஒரே வாக்கியம். யாருடையது, யார் எடுக்கலாம் என்று யோசிக்காமல் அழகுக்காகப் போட்ட ஒரு வரி, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வேலையையும் என் ஒரே நண்பரையும் சேர்த்து விழுங்கப் பார்த்தது. அதைத் திருத்த, போக, வர, தாதாவுக்கு என்று மூன்று டாக்ஸிகள், முத்திரைத்தாள், நோட்டரி எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது ஆயிரத்து நூற்று அறுபது ரூபாய்தான்.