தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசிகள்

எண்பதுகளின் இறுதியில் ஒரு சித்திரை மாதம். பட்டப்படிப்பை முடித்துவிட்டு, மரக்காணம் உப்பளத் தொழிலாளர்களுக்கு மாலை வேளைகளில் முதியோர் கல்வி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். எனக்குப் பெருங்குடல் புண் நோய் கண்டு மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. வயிற்றைப் பிசையும் வலி, இரத்தப்போக்கு, புதுச்சேரி மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகள் என்றே நாள்கள் கழிந்தன.

ஒருநாள் வகுப்புக்குப் போகும் வழியில், பாத்தி வரப்பில் படுத்திருந்த நாயொன்று என் கெண்டைக்காலைக் கவ்வியது. விரட்ட ஓடிவந்த, என்னிடம் படிக்கும் பெண்மணி ஒருவரின் கையையும் கடித்துவிட்டு ஓடியது.

அந்நாளில் வெறிநாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு நாள் ஊசி போடுவார்கள். ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கும் என் குடலை அந்த ஊசி துளைத்துவிடும் என்று நானாகவே முடிவுகட்டினேன். மருத்துவரைக் கேட்கவும் அச்சம். விசாரித்தவர்களிடமெல்லாம், "வயிற்று நோய்க்காரனுக்கு அது ஆகாது, நாயும் நன்றாகத்தானே திரிகிறது" என்றேன். தினமும் தொலைவில் நின்று அந்த நாயைப் பார்த்துவிட்டு வருவேன்.

ஐந்தாம் நாள் அது வாய்க்காலில் செத்துக் கிடந்தது.

அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் அந்தப் பெண்மணியின் நினைவு வந்தது. அவர் உப்பு வாரிக்கொண்டிருந்தார். ஊசி போட்டுக்கொண்டீர்களா என்று கேட்டேன்.

"இல்ல சார். வயித்து நோவுக்கு ஆகாதுன்னு நீங்களே உட்டுட்டீங்க. எனக்கும் எப்பப் பாத்தாலும் வயித்துக் கடுப்புதான். படிச்சவரு தெரியாமயா சொல்வீங்கன்னு நானும் போவல."

பக்கத்தில் நின்ற தோழி, "இவளக் கடிச்சதாலதான் சார் அந்த நாயே செத்துப்போச்சு!" என்றாள். இருவரும் சிரித்தார்கள். அவருக்கு மூன்று பிள்ளைகள்.

அடுத்த பேருந்தில் இருவரும் அரசு மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் என் மாத்திரைச் சீட்டைப் படித்துவிட்டு, வயிற்றுத் தோலை விரலால் கிள்ளித் தூக்கிக் காட்டினார். "ஊசி இந்தத் தோலுக்கு அடியிலதாங்க நிக்கும். குடல் எங்க, இது எங்க? அஞ்சு நாளா என்ன பண்ணீங்க?"

"மொதல்ல நீங்க படுங்க சார். பாத்துட்டு நான் படுக்குறேன்" என்றார் அந்தப் பெண்மணி. படுத்தேன்.

பதினான்கு நாள்களும் சேர்ந்தே போனோம். வயிறு தடித்து வீங்கியது. குடல் நோய் எப்போதும்போலவே இருந்தது. ஆனால் ஐந்து நாள் தாமதம் என்ன செய்யுமோ என்ற திகில் மாதக்கணக்கில் நீடித்தது. வெறிநோய் கண்டால் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்பார்கள்; காலையில் தண்ணீர்க் குவளையைத் தூக்கவே கை தயங்கும். மாலை வகுப்பில் அவர் நுழைந்ததும் சொல்வார்: "இன்னிக்கும் தண்ணி எறங்குச்சு சார்." அதைக் கேட்ட பிறகே என்னால் கரும்பலகைப் பக்கம் திரும்ப முடியும்.

இருவருமே பிழைத்தோம். இன்றும் ஒரு மருந்து வேண்டாமென்று தோன்றினால் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுகிறேன். என் பயத்தை அறிவென்று நம்பி யார் என் பின்னால் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியாதல்லவா?